குதிரையின் இரண்டு பக்கம்

திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

யோருனின் தங்கை ஹில்டுர் வடக்கே பூடோ நகரத்தில் இரட்டை வீடு ஒன்று வாங்கியிருந்தாள். ஒரு பாதி அவளுக்கு. மறுபாதியில் அக்கா வந்து இருக்கட்டும் என்பது அவள் ஆசை. வரவில்லையென்றால் வேறு ஆள் பார்க்க வேண்டும், அதனால் இழுக்காமல் சொல்லிவிடு என்றாள்.

யோருன் இதைப் புதன்கிழமை ஓட்வாரிடம் சொன்னாள். அவள் வீட்டுச் சமையலறையில் இருவரும் மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான். யோசித்தான்.

"கூரை என்ன கூரை?" என்றான்.

"கற்பலகை."

"கற்பலகை நல்லது. காத்துக்குத் தாங்கும்."

அவ்வளவுதான். மீதி மீனைச் சாப்பிட்டான். தட்டுகளைக் கழுவினான். வாசலில் எப்போதும் போல் அவள் நெற்றியில் முத்தமிட்டுவிட்டுக் கடைசி ஃபெர்ரிப் படகுக்குப் போனான். யோருன் இதைத் தொலைபேசியில் சொன்னபோது ஹில்டுர் இருமல் வரும்வரை சிரித்தாள். யோருன் சிரிக்கவில்லை.

ஒன்பது வருஷமாக அவர்கள் ஜோடி. இரண்டு வீடு. ஃபியோர்டு எனும் கடற்கழியின் இந்தக் கரையில் அவள், அந்தக் கரையில் அவன். நடுவில் ஓடும் ஃபெர்ரியில் ஓட்வாருக்கு வேலை. உள்ளே வரும் கார்களை வரிசையாக நிறுத்திவைப்பது. வா, வா, இன்னும், நில். எல்லாம் கையாலேயே. முதல் சந்திப்பும் அப்படித்தான். அவள் காரைக் கம்பியை ஒட்டி நிறுத்தவைத்தான். கதவு திறக்க இடமில்லை. அவள் கண்ணாடியை இறக்கித் திட்டினாள். அவன் முழுவதையும் கேட்டுவிட்டு உள்ளங்கையைக் காட்டினான். பிறகு ஒரு கப் காப்பி கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினான்.

பேசாத மனிதன் அவளுக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. பல் மருத்துவரிடம் உதவியாளராக வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தவள் அவள். வாயைத் திறந்தபடி கிடப்பவர்களிடம் பேசிப் பேசிப் பழக்கம். பதிலை அவர்கள் கண்ணில் பார்த்துக்கொள்வாள்.

தனித்தனி வீட்டில் இருந்துகொண்டு சேர்ந்து வாழ்கிறவர்கள் இங்கே நிறைய. யாரும் ஏனென்று கேட்பதில்லை. யோருனுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது, போன குளிர்காலம்வரை. அப்போது ஓட்வார் வாசல் பனியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். புயலில் ஃபெர்ரி நின்றிருந்தது. கரையில் நின்று பார்த்தால் அவன் வீட்டு விளக்கு தெரிந்தது. போகத்தான் முடியவில்லை. அன்றிலிருந்து அவள் காத்துக்கொண்டிருந்தாள். ஒரு கேள்விக்காக.

அவளே கேட்டிருக்கலாம். ஆனால் கேட்கக்கூடாது என்று வைத்திருந்தாள். அவளுடைய முதல் கல்யாணம் யாரும் யாரையும் கேட்காமல் நடந்தது. சேர்ந்து வீடு பார்த்தார்கள், சேர்ந்து கட்டில் வாங்கினார்கள், ஒருநாள் பார்த்தால் கல்யாணம் முடிந்திருந்தது. முறிந்ததும் அப்படியேதான். இந்தத் தடவை ஒருவன் தன் வாயால் கேட்க வேண்டும். இல்லையென்றால் பூடோ.

வெள்ளிக்கிழமை மாலை ஓட்வார் தொலைபேசியில் அழைத்தான்.

"நாளைக்குச் சிற்பப் பூங்காவுக்குப் போவோமா?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கலைக்கும் ஓட்வாருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஒரே ஒருமுறை அவளோடு அருங்காட்சியகம் வந்தான். அங்கே அவன் நின்று பார்த்த ஒரே பொருள் தீயணைப்புக் கருவி.

"எதுக்கு?"

"இலையெல்லாம் நல்லா இருக்குமாம்."

காரில் போகும்போது மிச்சத்தையும் சொன்னான். பூங்காவின் உச்சியில் ஒரு கல் கதவு இருக்கிறதாம். சுவர் கிடையாது, திறந்த வாசல்நிலை மட்டும். அதன் வழியாகப் பார்த்தால் கடல் தெரியுமாம். ஃபெர்ரியில் ஒரு பயணி சொன்னாராம். அங்கே நின்று பேசலாம் என்றான். என்ன பேசலாம் என்று அவள் கேட்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள், முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று. நீலக் கோட்டுப் போட்டிருந்தாள். நல்ல காலணியும்.

அக்டோபரின் வெயில். சூடில்லாத, சாய்ந்த வெயில். பிர்ச் மரங்கள் முழுக்க மஞ்சளாகியிருந்தன. புல்லில் நிழல் விழுந்த இடங்களில் மட்டும் உறைபனி இன்னும் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

வாசலில் ஒரு கூட்டம். மஞ்சள் மேலங்கி மாட்டிய உயரமான பெண்மணி ஒருவர் நடுவில் நின்றார். எழுபது வயதிருக்கும். அவர் பெயர் ரன்வெய்க் என்பது அடுத்த நிமிஷமே தெரிந்துவிட்டது, மேலங்கியில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. அதில் இலை வாரும் கோல்கள்.

"நல்ல வேளை வந்தீங்க," என்றார் ரன்வெய்க். "ரெண்டு கை குறையுதுன்னு இப்பத்தான் சொல்லிட்டிருந்தேன். நாலாவே வந்திருச்சு."

இலையுதிர்காலச் சிரமதானம். குளிர் இறங்குவதற்குள் ஊரார் கூடிப் பூங்காவைச் சுத்தம் செய்யும் நாள். யோருனுக்குப் புரிந்துவிட்டது. சிரமதானத்துக்கு வரமாட்டேன் என்று நேருக்கு நேர் சொன்ன மனிதனை இந்த நாட்டில் அவள் பார்த்ததில்லை. அன்றைக்கென்று முதுகு பிடித்துக்கொண்டவர்களைத் தெரியும், அத்தையைப் பார்க்கப் போய்விட்டவர்களைத் தெரியும். வாசலுக்கே வந்துவிட்டு மறுத்தவர் யாருமில்லை.

ஆனாலும் முயன்றாள். "நாங்க சும்மா சுத்திப் பாக்கலாம்னு—"

ஓட்வாரின் கை அதற்குள் நீண்டுவிட்டது. ஒரு கோலை வாங்கினான். இன்னொன்றையும் வாங்கி அவளிடம் கொடுத்தான். அவள் கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

அவர்களுக்கு விழுந்தது குளத்தின் கரை. அங்கே எஃகுக் கம்பிகளால் பின்னிய பெரிய பறவைக்கூடு ஒன்று நின்றது. ஆள் உள்ளே படுக்கலாம். அதற்குள்ளும் இலை நிறைந்திருந்தது. யோருன் வாரினாள். காலணி ஈரத்தை இழுத்தது. சுற்றி ஏழெட்டுப் பேர் வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். யார் வீட்டு நாய்க்கு என்ன உடம்பு என்று பேசிக்கொண்டார்கள். ஒரு கேள்வி கேட்பதற்கு இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

"நமக்கு இது ஊரே இல்ல," என்றாள் தாழ்ந்த குரலில்.

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். இல்லீங்க, நாங்க பாக்க வந்தோம்னு."

ஓட்வார் ஒரு குவியலைச் சீராக்கினான். "கோல நீட்டிட்டாங்களே."

"யாராவது கோல நீட்டினா நீ உயிரக்கூடக் குடுத்துருவ, கிழவா."

அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு. தோள் மட்டும் குலுங்கும். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கும், அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடியது. அவனுக்கு எல்லோருக்கும் செய்யத் தெரியும். பக்கத்து வீட்டுக் கூரைக்கு ஏறுவான். யாரோ ஒருவரின் படகுக்கு வர்ணம் அடிப்பான். கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவான். தனக்கென்று ஒன்று வேண்டும் என்று யாரிடமும் கேட்டு அவள் பார்த்ததில்லை. மேஜையில் வெண்ணெய் கைக்கு எட்டவில்லையென்றால் ரொட்டியை அது இல்லாமலே சாப்பிடுவான்.

வாரிக்கொண்டே அவன் அடிக்கடி மேலே பார்த்தான். மரங்களுக்கு நடுவே ஒரு பாதை ஏறிப்போனது. கல் கதவு அங்கேதான் இருக்க வேண்டும். இந்தக் குளக்கரை முடிந்ததும் போய்விடலாம் என்று அவன் கணக்குப் போடுவது அவளுக்குத் தெரிந்தது. அவளும் வேகமாக வாரினாள்.

மதியம் வாஃபிள். முகப்புக் கட்டடத்துக்கு வெளியே நீளமேஜை போட்டிருந்தார்கள். ஒருவர் சுட்டுச் சுட்டுக் கொடுத்தார், இன்னொருவர் பழுப்புச் சீஸைச் சீவி மேலே வைத்தார். எல்லோரும் பெஞ்சில் தங்கள் சிறு பாய்த்துண்டுகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். ஓட்வார் தன் பாய்த்துண்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஈரப் பலகையில் உட்கார்ந்தான். அதையும் அவள் தன் குற்றப்பட்டியலில் சேர்த்தாளா, இல்லை மன்னித்த பக்கத்தில் வைத்தாளா, அவளுக்கே தெரியவில்லை.

அப்போது ரன்வெய்க் காப்பிக் கூஜாவோடு வந்தார். மேலே இருக்கும் கதவைப் பார்க்கலாமா என்று ஓட்வார் கேட்டான். இன்றைக்கு முடியாது என்றார் அவர். பாதை முழுக்க ஈர இலை. போன வாரம் ஒருவர் வழுக்கி விழுந்தார். அதனால் கயிறு கட்டி அடைத்துவிட்டார்கள். அடுத்த சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

ஓட்வார் தலையசைத்தான். கோப்பையைப் பார்த்தான். காற்று அதிகமென்று ஃபெர்ரியை நிறுத்தும் நாட்களில் அவன் முகம் அப்படி இருக்கும். ஒன்றும் செய்வதற்கில்லை என்கிற முகம்.

"அடுத்த சனிக்கிழமை," என்றான் யோருனிடம்.

"அடுத்த சனிக்கிழமை திங்கட்கிழமைக்கு அப்புறம் வருது," என்றாள் அவள்.

அவன் வாயைத் திறந்தான். ரன்வெய்க் அவன் தோளில் தட்டினார். கையில் பலம் உள்ள ஆள் ஒருவர் குதிரைச் சிலைக்கு வேண்டும், வாங்க என்றார். அவன் வாயை மூடினான். எழுந்து போனான்.

யோருன் மேஜையிலேயே இருந்தாள். வாஃபிள் ஆறிவிட்டது. பூடோ வீட்டின் ஜன்னல்களை நினைத்துப் பார்த்தாள். ஹில்டுர் படம் அனுப்பியிருந்தாள். நல்ல ஜன்னல்கள். கடல் தெரிந்தது. அங்கே போனால் ஹில்டுர் இருப்பாள், பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. காலையில் சுவரைத் தட்டினால் அக்கா எழுந்துவிட்டாள் என்று தங்கைக்குத் தெரியும். விழுந்தால் யாராவது வருவார்கள். ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் இதற்கு மேல் என்ன கேட்க முடியும்? இப்போதே ஹில்டுரைக் கூப்பிட்டுச் சரி என்று சொல்லிவிடலாம். தொலைபேசியைக் கையில் எடுத்தாள்.

பிறகு பைக்குள் போட்டாள். முதலில் குதிரையைப் பார்த்துவிடலாம்.

அது புல்வெளியின் கோடியில் படுத்திருந்தது. வெண்கலக் குதிரை. சிறிய கார் அளவு. கால்களை மடித்து வயிற்றை மண்ணில் வைத்து, கழுத்தை மட்டும் நிமிர்த்தியிருந்தது. எழப்போகிறதா, இப்போதுதான் படுத்ததா என்று சொல்ல முடியாது. குழந்தைகள் ஏறி ஏறி முதுகு மட்டும் பொன்னிறமாகத் தேய்ந்திருந்தது. மற்ற இடமெல்லாம் கருத்த பழுப்பு. காலையிலேயே யாரோ கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். இனி மெழுகு பூச வேண்டும்.

ஓட்வார் அதன் ஒரு பக்கம் மண்டியிட்டிருந்தான். கையில் மெழுகு டப்பா, குட்டைத் தூரிகை. குதிரையின் தொடையில் வட்ட வட்டமாகப் பூசிக்கொண்டிருந்தான். அவசரமில்லாமல், ஒரு இடமும் விடாமல். குதிரைக்கு வலிக்கும் என்பதுபோல. அவள் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். இந்தக் கைகளை விட்டு எப்படிப் போவது என்று ஒரு நினைவு வந்தது. அதை அடக்கினாள். கைகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒன்பது வருஷம் ஓடிவிட்டது.

"எனக்கும் ஒரு தூரிகை குடு," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அவள் வந்ததில் அவனுக்கிருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை. "கோட்டு அழுக்காயிரும்."

"காலணி ஏற்கெனவே போயாச்சு. கோட்டும் போகட்டும்."

மெல்லிசாகப் பூச வேண்டும், பளபளப்பு மங்கியதும் துணியால் தேய்க்க வேண்டும், ரொம்பக் காயவிட்டால் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிக்கொடுத்தான். இதைச் சொல்ல அவனுக்கு எந்தக் கஷ்டமும் இருக்கவில்லை. அவள் இன்னொரு டப்பாவை எடுத்துக்கொண்டு குதிரையின் மறுபக்கம் போனாள். குனிந்து உட்கார்ந்ததும் அவன் மறைந்துவிட்டான். நடுவில் குதிரை. தூரிகையின் சத்தம் மட்டும் கேட்டது. மெழுகில் டர்ப்பன்டைன் வாசனை.

கொஞ்ச நேரம் பூசினார்கள். ஒரு ஆஸ்பென் மரத்திலிருந்து இலை கழன்று அவள் டப்பாவில் விழுந்தது. எடுத்துப் போட்டாள்.

"யோருன்."

"ம்."

"ஹில்டுர் வீட்டுல மாடிப்படி உண்டா?"

"உண்டு. படுக்கையறை மேல."

"உன் முழங்கால்."

"என் முழங்காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல." தூரிகை போய் வந்தது. நின்றது. மறுபடி போய் வந்தது. "என் வீட்டுல படி கிடையாது."

யோருனின் கை நின்றது.

வேறு யார் கேட்டாலும் இது ஒரு வீட்டைப் பற்றிய தகவல். அவளுக்கு அப்படியில்லை. அவன் எவ்வளவு தூரம் நடந்து இந்த வார்த்தைக்கு வந்திருக்கிறான் என்று அவளால் பார்க்க முடிந்தது. சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவன் புரிந்துகொள்வான். திங்கட்கிழமை பெட்டிகள் ஃபெர்ரியில் ஏறும். யாரும் யாரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"வீட்ட விக்கப்போறியா?" என்றாள்.

"இல்லயே."

"பின்ன எதுக்கு விளம்பரம் மாதிரி சொல்ற?"

அந்தப் பக்கம் தூரிகை நின்றது.

"ஓட்வார். ஒரு வார்த்த பேசறதுக்கு உனக்கு எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். எப்பவும் பாதிய நான்தான் ஊகிச்சுக்குவேன். இத ஊகிக்க மாட்டேன். ஊகிச்சு ஊகிச்சே நான் ஒரு கல்யாணம் பண்ணிக்கிட்டவ."

அவன் மூச்சு விடுவது கேட்டது. ஏதோ சொல்ல எடுத்துக்கொண்ட மூச்சு. அந்த நேரம் புல்லில் காலடிச் சத்தம் வந்தது. மஞ்சள் மேலங்கி.

"உயரமானவரே," என்றார் ரன்வெய்க், "அந்த எஃகுக் கூட்டுக்கு ஏணி தூக்கணும். மேல இலை அடைஞ்சிருக்கு. நீங்க ஒரு பக்கம் பிடிச்சா நான் ஒரு பக்கம் பிடிச்சுக்குவேன். அஞ்சு நிமிஷம்."

குதிரைக்கு அப்பால் ஓட்வாரின் முழங்கால்கள் சொடுக்குவது கேட்டது. எழுந்திருக்கிறான். யோருன் தூரிகையை டப்பாவில் குத்தி நிறுத்தினாள். போகட்டும். ஏணி தூக்கட்டும். பூடோ வீட்டு ஜன்னல்களுக்கு என்ன நிறத்தில் திரை தைக்கலாம் என்று யோசிக்க முயன்றாள்.

"முடியாது," என்றான் ஓட்வார்.

எங்கோ ஒரு கோல் கல்லில் உரசுவது கேட்டது. ரன்வெய்க் கழுத்தைச் சற்று முன்னால் நீட்டினார், காது சரியாகக் கேட்கவில்லை என்பதுபோல.

"என்ன?"

"இப்ப முடியாதுங்க. இவகிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு வர்றேன்."

ரன்வெய்க் அவனைப் பார்த்தார். குதிரைக்குப் பின்னால் நீலக் கோட்டோடு உட்கார்ந்திருந்த யோருனைப் பார்த்தார்.

"கேளுங்களேன்," என்றார். போகவில்லை. கைகளை மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்.

யோருன் எழுந்தாள். குதிரையின் முதுகுக்கு மேலே அவன் முகம் தெரிந்தது. புருவத்தில் மெழுகு அப்பியிருந்தது. காது சிவந்திருந்தது. அவன் வலது கை, கார்களுக்குச் சைகை காட்டும் பழக்கத்தில், மேலே எழும்பியது. பாதியில் அதைப் பார்த்துக் கீழே இறக்கினான்.

"நீ பூடோவுக்குப் போகாத," என்றான். "என் வீட்டுக்கு வா. வந்து என்னோட இரு. வருவியா?"

கேட்டுவிட்டான். வேற்று ஆள் நிற்கும்போது, பட்டப்பகலில், ஒரு சொல் விடாமல். இத்தனை மாதமாக அவள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தாள். அது வாய்க்கு வரவில்லை. வந்தது வேறு.

"ஏன் இத்தன நாள் கேக்கல?"

அவன் அதை நேர்மையாக யோசித்தான். அவசரப்படவில்லை.

"நீ கேப்பேன்னு இருந்தேன்."

"நானா?"

"நீதான பேசறவ."

யோருன் பேசுகிறவள்தான். மருத்துவமனையில், கடையில், பேருந்து நிறுத்தத்தில், யாரிடமும் எதையும் பேசிவிடுகிறவள். தன் சமையலறையில் எத்தனை இரவு உட்கார்ந்து ஹில்டுரைப் பற்றி, நோயாளிகளைப் பற்றி, வானிலையைப் பற்றிப் பேசியிருக்கிறாள். இந்த ஒன்றைத் தவிர. அவன் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். இப்போது வரும், இப்போது வரும் என்று அவனும் காத்திருந்திருக்கிறான். பேச்சு நின்றதும் தட்டுகளைக் கழுவிவிட்டுக் கிளம்பியிருக்கிறான்.

"எனக்கு ராத்திரி ரேடியோ ஓடணும்," என்றாள். "இல்லன்னா தூக்கம் வராது."

"தெரியும்."

"காலைல காப்பி குடிக்கிறவரைக்கும் என்கிட்ட யாரும் பேசக்கூடாது."

"அது எனக்குக் கஷ்டமில்ல."

ரன்வெய்க் சிரித்துவிட்டார். உடனே இருமலாக மாற்றிக்கொண்டு எதிரே இருந்த மரத்தைப் பார்த்தார்.

"பயமா இருக்கு ஓட்வார். ரொம்ப நாள் தனியா இருந்துட்டேன். ஒருத்தரோட ஒரு வீட்டுல எப்படி இருக்கறதுன்னு மறந்துபோச்சு."

"எனக்குந்தான்," என்றான். "நான் பழகவே இல்ல. அம்மாவுக்கப்புறம் அந்த வீட்டுல ஒரு பூனைதான் இருந்தது. அதுவும் போயிருச்சு."

"செத்துப்போச்சா?"

"இல்ல. பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் நனைந்தது. துடைக்கப் பார்த்தாள், கை முழுக்க மெழுகு. முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"வர்றேன்," என்றாள். "ஆனா என் வீட்ட இப்பவே விடமாட்டேன். ஒரு குளிர்காலம் இருந்து பாக்கறேன். வசந்தத்துல நீ மறுபடி கேக்கணும்."

"மறுபடியுமா?"

"மறுபடியும். வாயால."

அவன் தலையசைத்தான். கனமான பெட்டி ஒன்றைத் தூக்கிவரச் சம்மதிக்கிறவன்போல அசைத்தான். பிறகு ஏணி நினைவுக்கு வந்து ரன்வெய்க் பக்கம் திரும்பினான்.

"ஏணிக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்," என்றார் அவர். போகத் திரும்பியவர் நின்றார். "மெழுகு காயுது, பாருங்க. பிடிச்சுக்கிட்டா அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும்."

பூசிய இடமெல்லாம் மங்கிப்போயிருந்தது. இருவரும் துணியை எடுத்தார்கள். மறுபடி குனிந்தார்கள், மறுபடி குதிரை நடுவே வந்தது. தேய்க்கத் தேய்க்க வெண்கலம் கறுப்புத் தேன்போல ஒளிவிட்டது. யோருன் முதுகைத் தேய்த்தாள், பிடரியைத் தேய்த்தாள். ஹில்டுருக்கு வீட்டுக்குப் போனதும் சொல்ல வேண்டும். முதலில் கோபப்படுவாள். பிறகு அவன் என்ன சொன்னான், எப்படிச் சொன்னான், ஒவ்வொரு வார்த்தையாகச் சொல் என்று படுத்துவாள். மறுபாதி வீட்டுக்கு நல்ல ஆளாகக் கிடைக்க வேண்டும், அவளுக்குக் காலையில் சுவர் தட்டுவதற்கு ஒருத்தர் வேண்டுமே என்று யோருன் கவலைப்பட்டாள். அந்தக் கவலை உண்மையானது. ஆனாலும் கை நிற்கவில்லை.

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. குளக்கரைக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது; தள்ளுவண்டிகள் உருளும் சத்தம். அவள் பக்கம் முடிந்துவிட்டது. துணியை உதறினாள். எழுந்து, குதிரையின் முகத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். ஓட்வார் கடைசியாக மடக்கிய முன்னங்காலில் இருந்தான். அவள் அவன் பக்கத்தில், தோள் தொடும்படி, மண்ணில் உட்கார்ந்தாள்.

"இங்க நான் எல்லாம் தேச்சாச்சே," என்றான்.

"தெரியும்," என்றாள். துணியைப் புதிதாக மடித்து, அவன் தேய்த்த இடத்திலேயே தேய்க்கத் தொடங்கினாள்.